பாவித்த விமானத்துக்கு விலை எது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பாவித்த சிறு விமானமொன்றை இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கலாமா என்று கேட்டிருந்த வாசகருக்கு, தயாரித்த ஆண்டைக் கொண்டு விலையைக் கணிக்கலாம் எனத் தங்கள் பத்திரிகையில் பதில் வெளிவந்திருந்தது. பதிந்த காலத்தைக் காட்டும் இலக்கத் தகட்டின் எழுத்தைப் பார்த்தே காரின் பாதி விலையைச் சொல்லிவிடும் கொழும்புப் பழக்கம் விமானத்துக்குச் சரிவராது என்பதை, இரத்மலானை விமான நிலையத்தில் பல ஆண்டுகள் சிறு விமானங்களைப் பராமரித்தவன் என்ற முறையில் அறியத்தர விரும்புகின்றேன்.

இருவர் அமரும் சிறு பயிற்சி விமானமான செஸ்னா 152ஐ 1977இல் தயாரிக்கத் தொடங்கி 1985இல் நிறுத்திவிட்டார்கள். எனவே இன்று விற்பனைக்கு வரும் எல்லாமே கிழடுகள்தான். இருந்தும் ஒன்றின் விலை மற்றொன்றின் இரு மடங்காக இருக்கக்கூடும். காரணம் பெரும்பாலும் எஞ்சின். இதிலுள்ள லைக்கோமிங் ஓ-235 எஞ்சினை 2400 மணித்தியாலம் ஓடியதும், அல்லது 12 ஆண்டுகள் கழிந்ததும், முழுமையாகப் பிரித்துப் புதுப்பிக்கும்படி தயாரிப்பாளர் பரிந்துரைக்கிறார். சந்தை விலை பொதுவாக அரை ஆயுள் மீந்த எஞ்சினை மனதில் வைத்தே சொல்லப்படுவதால், பாதியான 1200ஐவிட 600 கூடுதலாக, 1800 மணித்தியாலம் ஓடிய எஞ்சினுக்குப் புதுப்பிப்புச் செலவின் கால் பங்கைக் கழிக்கும்படி கேட்பது நியாயமே. அதற்காக, குறைவாக ஓடியதெல்லாம் நல்லதென்று எண்ணிவிடக் கூடாது. ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைத்த லைக்கோமிங் எஞ்சினில், வால்வுகளைத் திறக்கும், மேற்புறமுள்ள கேம் தண்டிலிருந்து எண்ணெய் வடிந்துபோக, அதில் துரு ஏறிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவருக்காக வெளிநாட்டில் ஒரு 152ஐப் பார்க்கச் சென்றிருந்தேன். வெள்ளைப் பூச்சு கண்ணைப் பறித்தது. (பூசியவர் கெட்டிக்காரர், அதில் ஐயமில்லை.) இறக்கையின் அடியிலுள்ள சிறு மூடியைக் கழற்றி டோர்ச் அடித்தபோது, ரிவெட்டுகளைச் சுற்றி அரிசிமா தூவியதுபோல அலுமினியம் வெண்தூளாக அரித்திருந்தது. எவ்வளவு கசிகிறதென்று அறிய, சிலிண்டர்களுக்குச் சதுர அங்குலத்துக்கு 80 இறாத்தல் அழுத்தத்தில் காற்றைச் செலுத்திப் பார்த்தோம். மூன்று 74க்கு மேல் தாங்கின, நான்காவதோ கசிந்து 58இல் நின்றுவிட்டது. விற்க வந்தவரோ புதுப்பூச்சுக்குச் செலவிட்ட பணத்தின் பற்றுச்சீட்டையே திரும்பத் திரும்ப நீட்டினார். புதிய வானொலிக் கருவிகளுக்கும் இதே கதைதான். போட்ட பணம் முழுவதும் விற்பனை விலையில் திரும்பி வருவதில்லை.

கடற்கரையோரம் நின்ற விமானமென்றால் அரிப்பை இருமடங்கு கவனமாகத் தேட வேண்டும். வெளிநாட்டில் மலிவாகத் தோன்றும் விலையுடன், கழற்றிக் கப்பலேற்றி மீண்டும் பூட்டும் கூலியையும், இங்கே சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் பதிந்து பறப்பதற்குத் தகுதியானது என்ற சான்றிதழைப் பெறும் செலவையும் கூட்டியே பார்க்க வேண்டும்.

உடல், எஞ்சின், புரொப்பெல்லர் ஆகியவற்றுக்குத் தனித்தனியே எழுதப்படும் குறிப்பேடுகளை முதற்பக்கத்திலிருந்து வாசிக்காமலும், பாதுகாப்புக்காக விமானத்துறை அதிகாரிகள் விதிக்கும் கட்டாயத் திருத்தங்கள் ஒவ்வொன்றும் செய்யப்பட்டதற்கான கையொப்பத்தைக் காணாமலும் முற்பணம் கொடுக்க வேண்டாமென அவ்வாசகருக்குத் தெரிவிப்பீர்களாயின் நன்றியுடையவனாவேன். ஒரு குறிப்பேடு தொலைந்துவிட்டது என்று சொன்னால், அந்த விமானத்துக்கு நான் விலையே பேசமாட்டேன்.

இங்ஙனம்,
இளைப்பாறிய விமானப் பராமரிப்பாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.