புள்ளி முறையின் மேல் பழி வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

நின்றுபோன விளையாட்டுப் போட்டிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அமெரிக்காவின் ‘தி இன்டர்நேஷனல்’ கோல்ஃப் போட்டியை ஒரே வரியில் முடித்துவிட்டது. விநோதமான புள்ளி முறை ரசிகர்களுக்குப் பிடிக்காததால் மூடிவிட்டார்களாம். அந்தப் போட்டியைத் தொலைக்காட்சியில் விடாமல் பார்த்தவன் என்ற முறையில் இதை ஏற்க முடியவில்லை.

கொலராடோவில் எண்ணெய்த் தொழிலதிபர் ஜாக் விக்கர்ஸ் 1986-இல் தொடங்கிய போட்டி அது. கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் இருக்கும் காசில் பைன்ஸ் மைதானத்தை வடிவமைத்தவர் கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லாஸ். காற்று அடர்த்தி குறைவு என்பதால் பந்து கூடுதல் தூரம் பறக்கும்.

ஒவ்வொரு குழியிலும் இத்தனை அடியில் பந்தைப் போட வேண்டும் என்று ஓர் அளவு உண்டு, அதன் பெயர் பார். வழக்கமான கோல்ஃபில் மொத்த அடிகளைக் கூட்டுவார்கள், குறைவாக எடுத்தவர் வெல்வார். இங்கே பாரைவிட ஓர் அடி குறைந்தால் (பேர்டி) 2 புள்ளி, இரண்டு குறைந்தால் (ஈகிள்) 5, மூன்று குறைந்தால் (அல்பட்ராஸ்) 8. பாருக்கு எதுவும் இல்லை. பாரைவிட ஓர் அடி கூடினால் (போகி) 1 கழியும். அதைவிட மோசமாக எத்தனை அடி எடுத்தாலும் 3-தான் கழியும். ஒரு பேர்டியும் ஒரு போகியும் எடுத்தவர் மற்ற போட்டிகளில் இருந்த இடத்திலேயே இருப்பார். இங்கே ஒரு புள்ளி லாபம். தண்ணீரைத் தாண்டி அடிக்கலாமா என்று தயங்குகிறவருக்கு ‘அடி’ என்று சொல்லும் கணக்கு இது.

2002 கடைசி நாளை எப்படி மறப்பது? ஸ்டீவ் லோவரி 17-ஆவது குழியில் அல்பட்ராஸ் அடித்து ஒரே வீச்சில் 8 புள்ளி அள்ளினார். அப்படியும் ரிச் பீம் 44-க்கு 43 என்று ஒரே புள்ளியில் தப்பித்து வென்றார். அதே மாதம், கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்றான பிஜிஏ சாம்பியன்ஷிப்பில், அப்போது உலகின் முதல்நிலை ஆட்டக்காரரான டைகர் வுட்ஸைப் பின்னுக்குத் தள்ளிக் கோப்பை வாங்கியவரும் இதே பீம்தான். கிரெக் நார்மன், ஃபில் மிக்கல்சன், விஜய் சிங், எர்னி எல்ஸ் என்று முன்னணி ஆட்டக்காரர்கள் எல்லாரும் இங்கே வென்றிருக்கிறார்கள். ரசிகர்கள் ஒதுக்கிய போட்டியின் பட்டியலா இது?

2007 பிப்ரவரியில் போட்டி கைவிடப்பட்டதற்குப் பணம்தான் காரணம். கடைசி ஆண்டுகளில் போட்டிக்குத் தன் பெயரைச் சூட்டிப் பணம் தரும் ஸ்பான்சர் கிடைக்கவில்லை. டைகர் வுட்ஸ் 1998, 1999 இரண்டு முறை ஆடியதோடு சரி. அவர் வராத போட்டிக்குத் தொலைக்காட்சிப் பார்வையாளர்களும் குறைவு, விளம்பரதாரர்களின் ஆர்வமும் குறைவு. ஆகஸ்டில் நடந்துவந்ததை ஜூலைக்கு நகர்த்தியும் பலனில்லை. காலியான அந்த ஜூலை வாரம் வாஷிங்டன் பக்கம் நடந்த புதிய போட்டிக்குப் போனது. அதை முன்னின்று நடத்தியவர் வுட்ஸ்! இந்த வேடிக்கையையாவது கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கலாம்.

புள்ளி முறை செத்துவிடவும் இல்லை. நெவாடாவின் ரினோவில் நடந்துவந்த போட்டி 2012-இல் அதை எடுத்துக்கொண்டது. பின்னாளில் பாரகுடா சாம்பியன்ஷிப் என்று பெயர் மாறியும் அதை விடவில்லை. முன்னணி ஆட்டக்காரர்கள் வேறு பெரிய போட்டிக்குப் போய்விடும் வாரத்தில் அது நடந்ததுதான் குறை. 2024-இல் பிஎம்டபிள்யூ சாம்பியன்ஷிப் என்ற பெரிய கோல்ஃப் போட்டி காசில் பைன்ஸுக்கு வந்தபோதுகூட வழக்கமான அடிக் கணக்கில்தான் ஆடினார்கள். நல்ல வாய்ப்பு, வீணடித்துவிட்டார்கள்.

– வாசகர், கோயம்புத்தூர்