பெரியவர் சொன்னது

நாகர்கோவில்,
ஞாயிறு இரவு

மக்கா,

எட்டு மாசமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொள், கிறிஸ்துமஸுக்கு நீ வரும்போது மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. சொட்டை வடசேரியில் கடையை மாற்றிவிட்டான், கடன் மட்டும் மாறவில்லை. மழை நாலு நாளாக விடவில்லை.

ரப்பர் கடைப் பெரியவர் போயிட்டார். போன மாசம். காலையில் கடையைத் திறந்து, முதல் ரப்பர் ஷீட்டைத் தராசில் போட்டு, எடையைச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர்தானாம். உனக்கு அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ரெண்டு தடவை போனை எடுத்து உன் பெயர் வரைக்கும் வந்து வைத்துவிட்டேன். நமக்கு முதல் சம்பளம் தந்த மனுஷன். எண்ணி முடித்த பிறகு, மொட்டையாகக் கொடுக்கக்கூடாது என்று ஒரு ரூபாயை மேலே வைத்தாரே, அந்த ஒரு ரூபாய் இன்னும் என் பழைய பர்ஸில் கிடக்கிறது. அவரை எடுத்த அன்றைக்குக் குலசேகரம் பக்கத்தில் நமக்குத் தெரிந்த வெட்டுக்காரர் யாரும் பால் வெட்டப் போகவில்லை.

பதினாறு கழிந்ததும், இப்போது கடையைப் பார்க்கும் சின்னவர் கூப்பிட்டார். இதுவரை ஷீட்டும் ஒட்டுப்பாலும்தானே வாங்கினார்கள், இனிமேல் ரப்பர் பாலும் வாங்கப் போகிறாராம். எடையைப் பார்த்து விலை போட முடியாது, பாலில் எத்தனை சதவீதம் ரப்பர் என்று டி.ஆர்.சி. பார்க்க வேண்டும். 20 கிலோ பால், டி.ஆர்.சி. 35 என்றால் 7 கிலோவுக்குத்தான் காசு. சின்னக் கணக்கு. கடைப் புரோகிராமில் பில் போடும் வேலையைச் செய்கிற பகுதி, அந்த மெத்தடில் நாலு வரி சேர்த்தால் தீர்ந்தது, ரெண்டு நாளில் தருகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த மெத்தடை எழுதியது நீ என்பது அப்போது ஞாபகம் வரவில்லை.

மறுக்காதே. 'ஃபிளாக்22' என்று ஒரு வேரியபிளுக்குப் பெயர் வைக்கிறவன் இந்த ஜில்லாவிலேயே நீ ஒருத்தன்தான். ஃபிளாக்4 முதல் ஃபிளாக்21 வரை எங்கே போயின?

412 வரி, ஒரே மெத்தட். கண்ணால் பார்த்தால் கோபம்தான் வரும் என்று, புரோகிராமை அலசிக் குறை சொல்லும் பி.எம்.டி. கருவியை ஓட்டினேன். உனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் உன் காதில் விழட்டும் என்று சொல்கிறேன்: 1976-இல் தாமஸ் மெக்கேப் சொல்லி வைத்த கணக்கு. மெத்தடுக்குள் வழி பிரியும் இடங்களை எண்ணு. இஃப், லூப், கேஸ், நடுவில் வரும் ஆண்ட், ஆர் எல்லாம். அதோடு ஒன்று கூட்டு. பத்துக்குள் இருந்தால் நல்லது என்றார் அவர். உன்னுடையது 71. அதாவது ஒரு கிளைகூட விடாமல் சோதித்துப் பார்க்க 71 டெஸ்ட் இருந்தால் போதும். நம்மிடம் இருந்தது பூஜ்யம்.

ஆனால் 71 என்ற எண் என் தலைவலியை முழுசாகச் சொல்லவில்லை. கிரேடு பார்த்து வழி பிரிக்கும் ஸ்விட்சில் பதினொரு கேஸ், அதுக்கே பதினொன்று ஏறிவிடுகிறது. அந்த இடம் வாசிக்க ஒரு கஷ்டமும் இல்லை, மேலிருந்து கீழே விரலை ஓட்டினால் போதும். கஷ்டம் இஃபுக்குள் இஃபுக்குள் இஃப் இருக்கும் இடத்தில். இதே மாதிரிக் கருவி செய்கிற சோனார்காரர்கள், வாசிக்கிறவன் தலைக்கு எவ்வளவு பாரம் என்று எண்ணக் கொண்டுவந்த காக்னிட்டிவ் காம்ப்ளெக்ஸிட்டி அதைத்தான் பிடிக்கிறது. ஸ்விட்ச் எத்தனை கேஸ் வைத்திருந்தாலும் ஒன்றுதான். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று இஃப் போட்டால் ஒன்று, ரெண்டு, மூன்று என்று ஏறி ஆறு. அதே மூன்றையும் அடுத்தடுத்து வைத்து, பொருந்தாவிட்டால் அங்கேயே ரிட்டர்ன் என்று வெளியே அனுப்பினால் மூன்றுதான். மெக்கேப் கணக்குக்கு ரெண்டும் நாலு, வித்தியாசமே தெரியாது.

ஒன்பதாம் வகுப்பில் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போனார்களே, நீயும் நானும் கூட்டத்தை விட்டுவிட்டு உள்ளே மாட்டிக்கொண்டு, நீ அழவில்லை என்று இன்றுவரை சாதிக்கிறாயே. அங்கே கதவு எத்தனை என்பதா நம்மைப் பயமுறுத்தியது? ஒரு அறைக்குள் போய், அதற்குள்ளிருந்து இன்னொன்றுக்குள் போய், எந்த வழியாக வந்தோம் என்று மறந்ததுதான். உன் மெத்தட் ஏழு அறை ஆழம். ஏழாவதில் நின்றுகொண்டு, ஷீட்டா ஒட்டுப்பாலா, முன்பணம் பிடித்தாச்சா, பங்குக்கு வெட்டுகிற ஆளா என்று எல்லாவற்றையும் தலையில் சுமக்க வேண்டும். காக்னிட்டிவ் எண் 214. பதினைந்தைத் தாண்டினாலே கத்துகிற கருவி அது.

முதல் நாள் ஒரு முட்டாள்தனம் செய்தேன். எடிட்டரில் வரிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றைத் தனி மெத்தடாகப் பிரிக்கச் சொல்லி எக்ஸ்ட்ராக்ட் மெத்தட், எக்ஸ்ட்ராக்ட் மெத்தட் என்று தட்டிக்கொண்டே போனேன். ஒரு மணி நேரத்தில் 23 மெத்தட். கிரேடு ஸ்விட்சைத் தவிர எதுவும் பத்தைத் தொடவில்லை. அது ஒன்றைத் தவிர பி.எம்.டி. வாயை மூடிக்கொண்டது. கொள்ளாம் என்று சாயா குடித்துவிட்டு வந்து வாசித்தால், எளவு, முன்னைவிட மோசம். ஒவ்வொன்றும் ஒன்பது பாராமீட்டர் வாங்குகிறது, உன் ஃபிளாக்22 அத்தனை மெத்தடுக்குள்ளும் ஊர்வலம் போகிறது. கையில் எண்ணெய் தடவாமல் பலாச்சக்கை வெட்டின மாதிரி, துண்டு துண்டாக ஆயிற்று, பசை எல்லாத்திலும் ஒட்டிக்கிடக்கிறது. அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டுப் பழையபடி வைத்தேன்.

ரெண்டாவது தடவை புரோகிராமைத் தொடும் முன்னால் கடையின் பழைய பில்களை எடுத்தேன். ரெண்டு வருஷத்து பில். பழைய மெத்தட் என்ன தொகை போட்டதோ அதே தொகை புதியதும் போட வேண்டும், பைசா உட்பட. சரியா தப்பா என்ற பேச்சே இல்லை, அதேதானா என்பது மட்டும். இதை வைத்துக்கொண்ட பிறகுதான் தைரியம் வந்தது. இஃபுகளைத் திருப்பிப் போட்டு ஒவ்வொரு அறையாக வெளியே வந்தேன். டி சமம் ரெண்டு, ஜி நாலு இல்லை, ஃபிளாக்3 பொய் என்ற மூன்றும் சேர்ந்த கண்டிஷன் நாலு இடத்தில் கிடந்தது. ஒரு பகல் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகக் காயாத லாட் ஷீட்டுக்கு ஈரக்கழிவு பிடிக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி! அதைத் தனியாக எடுத்து 'ஈரக்கழிவு உண்டா' என்று பெயர் வைத்தேன் பார், சுற்றியுள்ள நாற்பது வரி தானாகப் பேச ஆரம்பித்தது. கிரேடு ஸ்விட்சை அப்படியே விட்டுவிட்டேன். அதுக்கு இன்னும் பன்னிரண்டு காட்டுகிறது, காட்டட்டும். எண்ணைக் குறைக்கணும் என்பதற்காக நன்றாக இருப்பதை உடைக்க எனக்கு மனசில்லை.

கடைசியில் ஓட்டிப் பார்த்தால் ரெண்டு வகை பில் உதைத்தது. ஒன்று, பதினொரு பில்லில் சில பைசா வித்தியாசம். நீ எடையை ஒரு தடவை ரவுண்ட் பண்ணி, தொகையை இன்னொரு தடவை பண்ணியிருக்கிறாய். நான் கடைசியில் ஒரு தடவை மட்டும் பண்ணினேன். உன் தப்பைத் தப்பாகவே திரும்பவும் எழுதி வைத்தேன், கேட்டியா, ஊர்க்காரனுக்குப் பழகின பில்.

இன்னொன்றுக்காகத்தான் இந்தக் கடிதம். 238-ஆவது வரி. வாடிக்கையாளர் எண் 118 என்றால் கழிவு பூஜ்யம். டெஸ்டுக்காகப் போட்டு எடுக்க மறந்திருப்பாய் என்று நான் அழித்துவிட்டேன். உடனே 19 பில் மாறியது. திரும்பப் போய்ப் பார்த்தால் மேலே ஒரு கமெண்ட். அந்த 412 வரியில் நீ எழுதிய ஒரே கமெண்ட்: "பெரியவர் சொன்னது. மாத்தாதே."

பேரேட்டைப் புரட்டினேன். பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு அம்மா. மாசத்துக்கு ஒரு தடவை, அதுவும் எல்லா மாசமும் இல்லை, ஆறேழு ஷீட்டைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவருவார். புகைப்புரை கிடையாது, அடுப்புக்கு மேலே கம்பி கட்டிக் காயவைப்பது. மழைக்காலத்தில் அந்த ஷீட் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். மற்றவர்களுக்குப் பிடிக்கிற கழிவை அவருக்கும் பிடித்தால் ஒரு தடவைக்கு ஐம்பது ரூபாய் வருமா, அவ்வளவுதான். சின்னவரிடம் கேட்டேன். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "எல்லாருக்கும் ஒரே கணக்குதானே அண்ணே, எடுத்துருங்க" என்றார். கெட்டவர் இல்லை, புதுசு. நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

வியாழக்கிழமை நான் கடையில் இருந்தபோது அந்த அம்மா வந்தார். பழைய புரோகிராம்தான் ஓடிக்கொண்டிருந்தது. பில்லை வாங்கி, படிக்கவில்லை, நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டே என்னிடம் கேட்டார்: "பெரியவரு போட்ட கணக்குதானே பிள்ளே இது?" ஆமாம்மா என்றேன். வேறு என்ன சொல்ல?

உன்னிடம் பெரியவர் என்ன சொன்னார்? கடனா, சொந்தமா, வாக்கா, இரக்கமா? புதிய புரோகிராம் அடுத்த திங்கட்கிழமை ஏறுகிறது. அந்த ஒரு வரியை எடுத்துத் தனி மெத்தடாக வைத்திருக்கிறேன். காம்ப்ளெக்ஸிட்டி ரெண்டு, மொத்தப் புரோகிராமிலேயே லேசான ஒன்று. பெயர்தான் வைக்கத் தெரியவில்லை. இப்போதைக்கு 'பெரியவர் சொன்னது' என்றே போட்டிருக்கிறேன். காரணம் தெரிந்தால் சரியான பெயர் வைக்கலாம், சின்னவரிடமும் பேசலாம். மஸ்கட்டில் ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடு.

நீ வைத்த பேரோடு,
கொசு

உனக்குப் பிடித்த மட்டிப்பழம் குலை ஒன்று கொல்லையில் நிற்கிறது. நீ வருவதற்குள் பழுத்துவிடும், அதற்கு நான் பொறுப்பில்லை.