காற்றாலை பார்க்கக் கூட்டிப்போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூரிலிருந்து வாடகைப் பேருந்து பிடித்து, ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு வெளியூர் அழைத்துப்போகும் சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இந்த ஆடியில் எங்கள் மகளிர் குழுவை நாகர்கோவில் பக்கத்து முப்பந்தல் காற்றாலைகளைப் பார்க்க அழைத்துப்போனவர் உங்களில் ஒருவர். அவர் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே நடந்தது இதற்குள் உங்கள் காதுக்கும் வந்திருக்கும். நாங்கள் கேட்பது ஒன்றுதான். பெண்கள் கழிப்பறைக்குப் போக வண்டி எங்கெங்கே நிற்கும் என்று கிளம்பும் முன்பே எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுத்த இடத்தில் நிறுத்துங்கள்.

முதுநகரில் ராத்திரி ஏறினோம். ஐநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். வழியில் டீக்கடைகளில் நின்றபோது கூட வந்த ஆண்கள் இருட்டில் ஒதுங்கிவிட்டு வந்தார்கள். நாங்கள் இறங்கி, இடம் இல்லை என்று பார்த்துவிட்டு மறுபடியும் ஏறிக்கொண்டோம். விடிந்து நாங்குநேரி சுங்கச்சாவடியை நெருங்கும்போது நான் முன்னால் போய், "அண்ணே, இங்க ஒரு அஞ்சு நிமிஷம் நிறுத்துங்க" என்று கேட்டேன். "நேரமாயிடுச்சும்மா, போற இடத்துல பாத்துக்கலாம்" என்று பதில் வந்தது.

போன இடத்தில் முள்செடியும் மண்ணும்தான் இருந்தன. "வெட்டவெளிதானே, அப்படி ஓரமா போயிட்டு வாங்க" என்றார் ஏற்பாட்டாளர்.

எங்களோடு வந்த பெரியம்மா ஒருவருக்கு வயது அறுபதுக்கு மேல். சர்க்கரை வேறு. தண்ணீர் குடித்தால் இறங்க வேண்டிவருமே என்று ராத்திரி முழுக்க ஒரு மடக்கும் குடிக்கவில்லை. அப்படியும் அதற்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை. நாலு பேர் சுற்றி நின்று ஒரு சேலையை விரித்துப் பிடித்தோம். மலைகளுக்கு நடுவே அந்தக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கிக்கொண்டு வருவதால்தான் அங்கே காற்றாலையே வைத்திருக்கிறார்கள். அதுவும் ஆடிக் காற்று. கீழ்முனையைக் காலால் மிதித்துக்கொண்டோம், மேல்முனை கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போனது. சாலையில் லாரி ஒன்று வேகம் குறைத்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது. பெரியம்மா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். எழுந்த பிறகு, "பரவால்ல விடும்மா" என்று அவர்தான் எங்களைத் தேற்றினார். அதன் பிறகு சாயங்காலம் வரை பேருந்தை விட்டு இறங்கவில்லை.

காற்றாலை பார்க்க வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டதே அவர்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் கரையைக் கடந்தபோது அவர் வீட்டுக் கூரை போனது. கொல்லையில் நின்ற பலா வேரோடு சாய்ந்தது. "காத்து நல்லதும் செய்யுமாமே, ஒரு தடவை பாத்துட்டு வரணும்" என்று சொல்லித்தான் முன்பணம் கட்டினார். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுப்பதைக் கேட்டு வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கும் அதே ஆசை. இடமும் அவ்வளவு அழகு. மலை அடிவாரம் வரை வரிசையாக இறக்கைகள் சுற்றுகின்றன, நடுநடுவே பனையும் வாழையும். அதையெல்லாம் அவர் ஜன்னல் வழியாகக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் எங்களுக்கு ஆறவில்லை.

கோயில் சுற்றுலாவானாலும் இதே கதைதான். காலையில் என்ன டிபன், மதியம் என்ன சாப்பாடு, பேருந்தில் என்ன படம் என்று நோட்டீஸில் போடுகிறீர்கள். வண்டி நிற்கும் மோட்டலில் பெண்கள் பக்கத்துக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. மாதவிலக்கு நாள் என்றால் வயசுப் பிள்ளையை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்புகிற அம்மாக்கள் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். சுற்றுலா மட்டுமா? மீன் விற்கப் போகிறவர்களும் சித்தாள் வேலைக்குப் போகிறவர்களும் பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகிவிட்டார்கள். அப்புறம் நீர்க்கடுப்பு என்று மாத்திரைக்கு அலைகிறார்கள். எங்கள் உடம்புக்கும் இது தேவை என்பது எப்போதும் கடைசியில்தான் மற்றவர்கள் நினைவுக்கு வருகிறது.

சரி, உங்களால் ஆவதை மட்டும் கேட்கிறேன். சுங்கச்சாவடிகளிலும் பெரிய பெட்ரோல் பங்குகளிலும் கழிப்பறை இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அங்கே நிறுத்துங்கள். விடிந்ததும் நாகர்கோவிலில் ஒரு லாட்ஜில் இரண்டு அறை எடுத்தால் எல்லோரும் காலைக்கடன் முடித்துக் குளித்துவிடலாம். அதற்கு ஆகிற செலவை எங்களிடமே வாங்கிக்கொள்ளுங்கள், தர மறுக்க மாட்டோம். வயதானவர் ஒருவர் எழுந்து வந்து நிறுத்தச் சொன்னால் தயவுசெய்து மறுக்காதீர்கள்.

தை மாதம் எங்கள் குழு மறுபடியும் கிளம்ப நினைக்கிறது. உங்களில் யார் வந்தாலும் பேசத் தயார். நிறுத்தும் இடங்களை நோட்டீஸில் அச்சடித்துக் கொண்டுவாருங்கள். அதைப் படித்துப் பார்த்த பிறகுதான் முன்பணம் தருவோம்.

இப்படிக்கு,
மகளிர் குழு உறுப்பினர் ஒருவர்,
கடலூர் முதுநகர்