நாலாவது படம்

ஆசிரியருக்கு வணக்கம்.

எக்ஸ்ரே எடுக்கப் படிக்கும் மாணவர்கள், கணினிக் காட்சியை நிஜம்போலக் கண்முன் காட்டும் மெய்நிகர் (வி.ஆர்.) கண்ணாடியை மாட்டிக்கொண்டு பயிற்சி எடுப்பதைப் பற்றி ஞாயிறு இதழில் எழுதியிருந்தீர்கள். அரசு மருத்துவமனையில் முப்பத்தொரு வருடம் நுண்கதிர் வீச்சாளராக இருந்தவன் என்கிற உரிமையில் எழுதுகிறேன். (போர்டில்தான் நுண்கதிர் வீச்சாளர். வருகிறவர்களுக்கு நாங்கள் எப்போதும் ‘எக்ஸ்ரேக்காரர்’.)

1987-ல் நான் மாணவன். பாரிமுனையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்த ஒரு பூக்கார அம்மா, முழங்கை வீங்கி வந்தார். பக்கவாட்டுப் படம் வேண்டும். கையைத் தொண்ணூறு டிகிரி மடக்கி, ஃபிலிம் இருக்கும் கேசட் பெட்டியின் மேல் வைத்து எடுத்தேன். கோணலாக விழுந்தது. திரும்ப எடுத்தேன், அதுவும் கோணல். மூன்றாவதும் அப்படியே. டார்க் ரூமிலிருந்து ஈரப் படத்தோடு வெளியே வரும்போதெல்லாம் அந்த அம்மா படத்தைப் பார்க்கமாட்டார், என் முகத்தைப் பார்ப்பார். கடைசியில் சீனியர் வந்தார். ஒன்றும் பேசாமல் உயரமான ஸ்டூலை எடுத்துவிட்டுக் குட்டை ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தார். தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் ஒரே மட்டத்துக்கு வந்தன. நாலாவது படம் சரியாக விழுந்தது.

முழங்கைப் படத்துக்கு வேண்டிய கதிர் சொற்பம்தான். ஆனால் அடிபட்ட கையை நாலு தடவை திருப்பிய வலி? இதே தவறை இடுப்பு முதுகெலும்பில் செய்திருந்தால் கதிர்க் கணக்கும் ஏறியிருக்கும். நெஞ்சுப் படத்தைப்போலப் பல மடங்கு அதற்குத் தேவை.

அதனால் அந்தக் கண்ணாடியை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அண்ணன் பேத்தி படிக்கும் கல்லூரியில் போன மாதம் மாட்டியும் பார்த்தேன். என் மூக்குக்கண்ணாடிக்கு மேல் அது உட்காரவே ஐந்து நிமிடம் ஆனது. உள்ளே மேசை, ட்யூப், நோயாளி எல்லாம் அச்சு அசலாக இருக்கிறது. கதிரின் ஊடுருவும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கேவியை (கிலோவோல்ட்) தாறுமாறாக ஏற்றினேன், படம் கெட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் நோயாளி உடம்பில் பட்டுச் சிதறும் கதிரை வண்ணப் புகைபோலக் காட்டினார்கள். எங்கள் மேல் பட்ட கதிரை அளக்கச் சட்டையில் மாட்டும் டிஎல்டி பேட்ஜை மூன்று மாதத்துக்கொரு முறை கழற்றிக் கொடுத்தே காலத்தை ஓட்டியவன் நான். கதிரைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். தூரம் இரண்டு மடங்கானால் படும் கதிர் கால் பங்காகும் என்று நாங்கள் மனப்பாடம் செய்தோம். பேத்தி இரண்டு எட்டு பின்னால் நடந்தே தெரிந்துகொண்டாள்.

சரி, முதுகெலும்புப் படம் எடுக்கலாம் என்று இடுப்பெலும்பின் மேல்விளிம்பைத் தேடி என் கை தானாக நீண்டது. வெறும் காற்று. அந்த விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்துத்தான் கதிர் விழ வேண்டிய மையத்தை வைப்போம். அது கைக்குத் தெரிய வேண்டிய வேலை. மேலும், அந்த நோயாளிக்குத் தொப்பை கிடையாது, ‘சுடுமா தம்பி?’ என்று கேட்பதும் கிடையாது. ஆங்கிலத்தில் சொன்னால் உடனே மூச்சை அடக்குகிறார். நம்மூர்ப் பாட்டியிடம் ‘மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க’ என்று சொல்லிப் பாருங்கள். கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்பார், நெஞ்சுக்குள் துளிக் காற்று போயிருக்காது.

கண்ணாடி மாட்டிய நேரத்தை ஆஸ்பத்திரிப் பயிற்சி நேரத்தில் சேர்த்துக் கணக்குக் காட்டும் ஆசை கல்லூரிகளுக்கு வரக்கூடும். பல்கலைக்கழகம் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. அந்த நோயாளியைத் தமிழ் பேசவைக்கவும் வேண்டும். சென்ட்ரலுக்கு எதிரே பொது மருத்துவமனையில் 1934-லேயே பார்னார்டு கதிரியக்க நிலையம் தொடங்கிய ஊர் இது. இந்த வசதி கட்டணம் கட்டுகிறவர்களோடு நின்றுவிடாமல், அரசுக் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் வர வேண்டும்.

அன்று மாலை பேத்தியைக் கூப்பிட்டு, கட்டிலில் மல்லாந்து படுத்து, விளிம்பைக் கண்டுபிடி என்றேன். இரண்டு அங்குலம் கீழே விரலை வைத்துவிட்டு, “சின்னத் தாத்தா, தொப்பையைக் கொஞ்சம் உள்ளே இழுங்க” என்றாள். இழுக்கமாட்டேன், நீயே தேடு என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எக்ஸ்ரேக்காரர்,
அயனாவரம், சென்னை.