பரணில் ஏறிய பாட்டில்

தக்கலை,
ஜூன் 2025

அன்பு மக்கா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இந்தத் தடவை என் சோம்பலைத் திட்டாதே. 2017 செப்டம்பரில் நீ ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து தந்த இரண்டு கிரெனாஷ் வைன் பாட்டிலும் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். திறந்து பார்க்காமல் எப்படிப் பதில் எழுதுவது? திறக்க வேண்டுமானால் மச்சினன் திருவட்டாறிலிருந்து வரவேண்டும், மழை கொஞ்சம் விடவேண்டும், வீட்டுக்காரி மனம் இளகவேண்டும். மூன்றும் போன ஞாயிற்றுக்கிழமைதான் ஒன்றாகக் கூடி வந்தன.

முதலில் ஊர் விஷயம். இடவப்பாதி மழை இந்த வருஷம் முந்தியே பிடித்துவிட்டது. கிணற்றில் தண்ணீர் கைக்கு எட்டுகிறது. எனக்கு முட்டுவலி, படி ஏறினால் ஒரு முக்கல், இறங்கினால் ஒரு முனகல். சர்க்கரை சொன்ன பேச்சைக் கேட்கிறது. நம்முடைய கணக்கு சார் தொண்ணூறு தாண்டியும் காலையில் நடக்கப் போகிறார். என்னைக் கண்டால் நின்று, "லே, பதினேழாம் வாய்ப்பாடு சொல்லு" என்கிறார். அறுபத்தெட்டு வயதில் நான் வேறு வழியாகச் சுற்றிப்போக ஆரம்பித்திருக்கிறேன்.

சரி, பாட்டிலுக்கு வருகிறேன். நீ தந்த அன்றைக்கே ஒன்றைப் பரணில் ஏற்றிவிட்டேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும். பாட்டி கருப்பட்டியை ஓலைப்பெட்டியில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் வைப்பாள், நினைவிருக்கிறதா? புகையும் சூடும் பட்டு வருஷம் கழிந்த கருப்பட்டிதான் மருந்துக்கு ஆகும் என்பாள். பழசாக வேண்டியது எதுவோ அது பரணில் ஏறவேண்டும் என்று என் மண்டையில் அப்போதே பதிந்துவிட்டது போலிருக்கிறது. இன்னொரு பாட்டிலை வீட்டுக்காரி என் கையிலிருந்து வாங்கி, பேரப்பிள்ளைகள் கண்ணில் படவேண்டாம் என்று ஃபிரிட்ஜில் காய்கறிப் பெட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். அந்த நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தது. எங்கள் தெருவில் கரண்ட் வர எத்தனையோ நாள் ஆனது, அதுவரை ஃபிரிட்ஜ் வெறும் அலமாரியாக நின்றது. மற்றபடி ஏழரை வருஷம், ஒரே தோட்டத்து ஒரே வைன், ஒன்று மேலே, ஒன்று கீழே. முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்தும் இவ்வளவு ஒழுங்கான ஒரு சோதனையை நான் வேண்டுமென்று செய்ததில்லை.

திருகு மூடியைக் கண்டதும் மச்சினன் உதட்டைப் பிதுக்கினான். "கார்க் இல்லாத சாதனமா? அத்தான், உங்க கூட்டுக்காரன் மட்டச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டான்." உங்கள் ஊரில் நல்ல வைனுக்கும் திருகு மூடிதான் என்று சொன்னேன், நம்பவில்லை. கார்க் என்றால் காய்ந்துபோகாமல் இருக்கப் பாட்டிலைப் படுக்கவைக்க வேண்டும், இதற்கு அந்தக் கவலையும் இல்லை. ஆனால் மூடி எதுவானாலும் சூட்டைத் தடுக்காது. அதைப் பரண் பாட்டில் காட்டிக்கொடுத்துவிட்டது.

ஊற்றும்போதே கட்டன்சாயா நிறம். கிரெனாஷ் இயல்பாகவே வெளிறின சிவப்பு என்று நீ சொல்லியிருக்கிறாய், தோல் மெல்லிசு, சாயம் குறைவு. ஆனால் இதில் சிவப்பே இல்லை. மணத்தைப் பற்றி நான் ஏதோ யோசித்துக்கொண்டிருக்கும்போது, குடிக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருந்தவள் கிளாஸை வாங்கி மூக்கருகே கொண்டுபோய், "புளியும் கருப்பட்டியும் போட்டு அடுப்பில் மறந்த சட்டி" என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்க்க எனக்கு வக்கில்லை. வாயில் வைத்தால் முன்னால் ஒரு செத்த இனிப்பு, பின்னால் சாராயத்தின் காந்தல், நடுவில் ஒன்றும் கிடையாது. பழம் எங்கேயோ போய்விட்டது.

ஃபிரிட்ஜ் பாட்டிலை எடுத்து முக்கால் மணி நேரம் மேசையில் வைத்துவிட்டுத் திறந்தோம். சிவப்பு வைனை அறை வெப்பத்தில் குடிக்கவேண்டும் என்று எழுதுகிறவர்களின் அறை கல்வீட்டு அறை. நம்முடைய அறை முப்பத்தொன்று. அந்தச் சூட்டில் பதினைந்து சதவீத ஆல்கஹால் மூக்கில் ஏறி மற்ற மணத்தையெல்லாம் விரட்டிவிடும். பதினாறு டிகிரி பக்கம் இருந்தால்தான் அது பேசும். அது பேசியது, மக்கா! நிறம் மாதுளம்பழச் சாறு, கிளாஸைச் சாய்த்தால் விளிம்பில் மட்டும் சுட்ட செங்கல். முதலில் காய்ந்த நாரத்தைத் தோல். அப்புறம் வெள்ளை மிளகு. கொஞ்ச நேரம் ஆடவிட்டபின் சாம்பக்காயைக் கடித்தால் வருமே, ரோஜாவும் தண்ணீரும் கலந்த அந்த மணம். உன் கடிதத்தில் ராஸ்பெரி என்று எழுதியிருந்தாய். நான் ராஸ்பெரியை ஐஸ்கிரீமில்தான் பார்த்திருக்கிறேன், அதனால் சாம்பக்காயோடு நிறுத்திக்கொள்கிறேன். மச்சினன் கிராம்பு என்றான். மாறாமலைக் கிராம்பு வாங்கி விற்கிறவன் மூக்கு, தப்பாது. கடைசியில் அடியில் கிடந்த வண்டலோடு நாலு சொட்டு இருந்ததில் காய்ந்த அத்தியும் புதுத் தோல்செருப்பும் தெரிந்தன. அதுதான் வயதின் மணம் என்று நினைக்கிறேன்.

இதில் என்னை உறுத்துவது ஒன்றுதான். வெயில் என்றால் உயிரைவிடுகிற திராட்சை இது. பிறந்தது ஸ்பெயினின் அரகோன் பக்கம் என்கிறார்கள், இத்தாலியின் சார்டீனியாத் தீவுக்காரர்கள் தங்களுடையது என்று சண்டைக்கு வருகிறார்கள். ஸ்பெயினில் கார்னாச்சா, சார்டீனியாவில் கன்னோனாவ், பேர்தான் வேறு. பிரான்சில் ஷாத்தோநெஃப் தோட்டங்கள் பலவற்றில் தேங்காய் அளவு உருண்டைக்கல் பரந்துகிடக்கும், பகலில் வாங்கின சூட்டை ராத்திரி கொடிக்குக் கொடுக்கும். அதையும் கிரெனாஷ் வாங்கிக்கொள்ளும். மற்றவை பலவும் பழுத்து முடிந்த பிறகுதான் இது பழுக்கும், அவ்வளவு வெயில் குடித்தாலும் போதாது அதற்கு. தென் ஆஸ்திரேலியாவில் உங்கள் பரோசாவில் நாற்பது டிகிரியில் பந்தலும் கம்பியும் இல்லாமல் குத்துச்செடி மாதிரி தனியாக நிற்கிறது. அப்பேர்ப்பட்டது பாட்டிலுக்குள் போனதும் நம்மூர் மேடம், இடவம் இரண்டு மாதச் சூட்டைத் தாங்கமாட்டேன் என்கிறது.

காரணம் அதன் உடம்பிலேயே இருக்கிறது. வெயிலில் சேர்வது சர்க்கரை, அது ஆல்கஹாலாகும். அதே வெயில் புளிப்பைத் தின்றுவிடும். மெல்லிய தோலில் துவர்ப்பும் குறைவு. வைனைக் காக்கிற காவல்காரர்கள் புளிப்பும் துவர்ப்பும்தான். இரண்டும் குறைந்தால் காற்று பட்டதும் சட்டென்று பழுப்பேறும். அதனால்தான் கிரெனாஷ் செய்கிற பலர் புது ஓக் பீப்பாயில் போடாமல் சிமெண்ட் தொட்டியிலோ பழைய பெரிய பீப்பாயிலோ வைக்கிறார்கள். வேதிவினையின் வேகம் பத்து டிகிரிக்கு ஏறத்தாழ இரட்டிக்கும் என்று நான் கரும்பலகையில் எத்தனை வருஷம் எழுதியிருப்பேன்! உன் நிலவறை பதின்மூன்று, என் பரண் சித்திரையில் முப்பத்தைந்துக்கு மேல். நாலு மடங்கைத் தாண்டிவிடும். அதற்காக, நாலு மடங்கு சீக்கிரம் முதிர்ந்துவிடும் என்று கணக்குப் போடாதே. நிறமும் துவர்ப்பும் ஒன்றோடொன்று கோத்து மெதுவாக அடியில் படிவது முதிர்ச்சி. சூட்டில் வேறு வினைகள் முந்திக்கொள்கின்றன. தீ கூட்டி வைத்தால் பால் பாயசம் சீக்கிரம் குறுகாது, அடிபிடிக்கும்.

மச்சினனுக்கு அப்போதுதான் யோசனை வந்தது: கிணற்றில் இறக்கிவைத்தால் என்ன? சங்கப் பாடலிலேயே மதுவை மண்ணில் புதைத்து முதிரவைத்த சேதி வருகிறது, தெரியாத வித்தை இல்லை. நானும் ஒரு நிமிஷம் மயங்கினேன். பிறகு யோசித்தால், ஆழத்து மண்ணின் சூடு அந்த ஊரின் வருஷச் சராசரியை ஒட்டித்தான் இருக்கும். பிரான்சில் தோண்டினால் பன்னிரண்டு, பதின்மூன்று கிடைக்கும். தக்கலையில் தோண்டினால் இருபத்தேழு. எவ்வளவு தோண்டினாலும் தக்கலைதான். பாதாளம் வரை போனாலும் ஊட்டி வராது.

அவன் இன்னொரு குழப்பமும் செய்தான், அதைச் சொல்லாவிட்டால் உனக்குச் சிரிப்பு குறையும். லேபிளில் பழங்கொடி என்றிருந்ததை வாசித்துச் சொன்னதும், நூறு வருஷப் பழைய வைன் என்று நினைத்துக் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தான். வயது கொடிக்கு, வைன் 2014 என்றதும் ஒரு கையை எடுத்துவிட்டான். உங்கள் பரோசாக்காரர்கள் 2009-ல் வைத்த கணக்கை அவனுக்கு விளக்கினேன்: 35 வயது தாண்டினால் பழங்கொடி, 70 தாண்டினால் தப்பிப்பிழைத்தது, 100-க்கு நூற்றாண்டு, 125-க்கு மூதாதை. 1848-ல் நட்ட கிரெனாஷ் இன்றும் காய்க்கிறது என்று நீ அனுப்பின படத்தையும் காட்டினேன். அடித்தூர் நம் வேளிமலைப் பக்கத்துக் கொல்லாமாவு மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கிறதே, அந்தப் படம். 1860-களில் பிரான்சில் பைலாக்சரா என்கிற வேர்ப்பேன் வந்து தோட்டம் தோட்டமாக அழித்தது. அதன்பிறகு அங்கே அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டித்தான் பிழைப்பு. தென் ஆஸ்திரேலியாவுக்குள் அந்தப் பூச்சி இன்றுவரை நுழையவில்லை, அதனால் அங்கத்துக் கொடிகள் சொந்த வேரிலேயே நிற்கின்றன. பூச்சி விட்டுவைத்ததை மனுஷன் விடவில்லை. 1980-களில் அரசாங்கமே காசு கொடுத்துப் பழங்கொடிகளைப் பிடுங்கவைத்தது என்று நீ சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை. இங்கே 1987-ல் கள்ளுக்குத் தடை வந்தது. அதற்கப்புறம் நம் பக்கத்துப் பனைகள் எத்தனை சூளைக்குப் போயின, நீயே பார்த்தாய்.

பழங்கொடியின் வைன் கட்டாயம் உயர்ந்ததா? நான் சத்தியம் செய்யமாட்டேன். வேர் ஆழமாகப் போயிருக்கும், வறட்சியில் தளராது, குலை குறைவு, அதனால் சாறு அடர்த்தி. இதெல்லாம் சரி. ஆனால் மோசமான இடத்தில் இருந்திருந்தால் அந்தக் கொடியை எப்போதோ பிடுங்கியிருப்பார்கள். நூறு வருஷம் நின்றது என்றால் இடமும் நல்ல இடம் என்றுதான் அர்த்தம். புகழ் வயதுக்கா, மண்ணுக்கா? மூத்த பனையில் அக்கானி கொஞ்சம்தான் வடியும், ஆனால் கருப்பட்டி நன்றாகக் கட்டும் என்று தாத்தா சொல்வார். அது உண்மையா, அவ்வளவு உயரம் ஏறின மனுஷனின் சமாதானமா, எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு இந்தப் பேச்சே இல்லை. குளிர்காலத் தூக்கம் கிடையாது, கவாத்து செய்தால் மறுபடி காய்க்கும், வருஷம் முழுக்க அறுப்பு. ஓய்வே இல்லாத கொடி அது.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். சாளைப் புளிமுளத்தோடு குடித்தேன், தப்பு. மிளகாய்க் காரத்தில் ஆல்கஹால் தீயாய் எரிந்தது. ராத்திரி மிச்சத்தை வறுத்தரைச்ச கோழிக்கறியோடு குடித்தேன், காரம் குறைத்து, தேங்காய் நன்றாகச் சிவக்க வறுத்தது. கச்சிதமாகப் பொருந்தியது. மரச்சீனிக் கிழங்கு இரண்டுக்கும் நடுநிலை.

ஆக, பன்னிரண்டு பாட்டில் பெட்டி வாங்கி வைக்கலாமா என்று கேட்டாயே, உன் நிலவறையில் வை, தயங்காதே. ஆனால் எல்லாவற்றையும் கடைசிக்குப் பூட்டிவைக்காதே. இரண்டு வருஷத்துக்கு ஒன்று திற. பழம் முன்னால் நிற்கும்போது நாலைக் குடி, அத்தியும் தோலும் வரும்போது நாலைக் குடி. மிச்சம் நாலை உன் பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும். சாதாரண கிரெனாஷ் என்றால் ஐந்தாறு வருஷத்துக்குள் முடித்துவிடு, காத்திருந்து ஒன்றும் கிடைக்காது. எனக்கு மட்டும் இனி இரண்டாகக் கொண்டுவராதே. ஒன்று கொண்டுவா, இறங்கின அன்றைக்கே இருந்து குடிப்போம். ஏழரை வருஷம் ஒளித்துவைத்ததில் எனக்குக் கிடைத்தது கால் பாட்டில், அதிலும் பாதி மச்சினனுக்கு.

பரண் பாட்டிலை நான் கொட்டப்போனேன். வீட்டுக்காரி விடவில்லை. இறைச்சி வரட்டுகிறபோது வினாகிரிக்குப் பதிலாக அரை கிளாஸ் ஊற்றினாள், நன்றாகத்தான் இருந்தது. காலிப் பாட்டில் இரண்டையும் கழுவிக் காயவைத்து மார்த்தாண்டம் தேன் நிரப்பியிருக்கிறாள், ஒன்று உனக்கு. திருகு மூடி இறுக்கமாக இருக்கிறதாம், எறும்பு ஏறாதாம்.

டிசம்பரில் திருவனந்தபுரத்தில் எத்தனை மணிக்கு இறங்குகிறாய் என்று முன்கூட்டி எழுது, வண்டியோடு வருகிறேன். பாட்டிலைக் காரின் டிக்கியில் போடவேண்டாம், மடியில் வைத்துக்கொள்.

உன் பழைய பெஞ்சுக்காரன்