தவக்காலத்துக்கு எதை விடுவது: ஓசூரில் இருக்கும் மகனுக்கு

எலத்தகிரி

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

அன்பு மகனுக்கு,

தவக்காலத்துக்கு இந்த வருஷம் டீயை விடலாமா, கறியை விடலாமா என்று போனில் கேட்டாய். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன். எதை வேண்டுமானாலும் விடு. ஆனால் நீ விட்டது யார் கையில் போய்ச் சேருகிறது என்று பார். யாருக்கும் போய்ச் சேராத துறவு உடம்பைக் குறைக்கும், அவ்வளவுதான். லூக்கா 9:23-இல் ஆண்டவர் சிலுவையை நாள்தோறும் தூக்கச் சொல்கிறார். தவக்காலத்தின் நாற்பது நாள் அதற்குப் பழகிக்கொள்ளும் காலம்.

முதலில் திருச்சபை கேட்பதைச் சரியாகத் தெரிந்துகொள். விபூதிப் புதனிலிருந்து, உயிர்ப்புப் பெருநாளாகிய பாஸ்காவுக்கு முந்திய சனி வரை எண்ணினால் 46 நாள். அதில் ஆறு ஞாயிறு போக 40. ஞாயிறு உயிர்ப்பின் நாள், அன்று நோன்பு கிடையாது. ஒருசந்தி, அதாவது சாப்பாட்டைக் குறைக்கிற நோன்பு, கட்டாயமாவது இரண்டே நாள்: விபூதிப் புதன், பெரிய வெள்ளி. ஒரு வேளை முழுச் சாப்பாடு. மற்ற இரண்டு வேளையும் கொஞ்சமாகச் சாப்பிடலாம், ஆனால் அந்த இரண்டையும் சேர்த்தாலும் ஒரு முழுச் சாப்பாட்டுக்கு வரக்கூடாது. 18 வயது முடிந்தவர்களுக்கு, 59 முடியும் வரை இது பொருந்தும். சுத்தபோசனம், அதாவது விபூதிப் புதனிலும் வெள்ளிக்கிழமைகளிலும் புலால் தவிர்ப்பது, 14 வயது முடிந்த எல்லோருக்கும். தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை ஏழு வரும், பெரிய வெள்ளியையும் சேர்த்து. மீனுக்குத் தடையில்லை. ஆனால் ஆட்டுக்கறியைவிட விலை அதிகமான வஞ்சிரத்தை வாங்கிப் பொரித்துச் சாப்பிட்டுவிட்டு வெள்ளிக்கிழமையைக் காப்பாற்றிவிட்டேன் என்று சொல்வதில் அர்த்தமில்லை. ராகிக் கூழில் மோர் ஊற்றி ஒரு சொம்பு குடி, சின்ன வேளைக்கு அது போதும். பெரிய வேளைக்குக் களியும் கீரைக் கடைசலும் வை. வெயில் காலம் என்பதால் தண்ணீரைக் குறைக்காதே.

மருமகள் பால் கொடுக்கிறவள், அவளுக்கு ஒருசந்தி வேண்டாம். அவளாக இருக்கிறேன் என்றாலும் நீ தடுக்க வேண்டும். உன் மாமியார் இன்சுலின் போடுகிறவர், வயதும் அறுபதைத் தாண்டியவர். அவருக்கும் கட்டாயமில்லை. பெரிய வெள்ளி அன்று மட்டுமாவது என்று பிடிவாதம் பிடித்தால், டாக்டரிடம் ஊசியின் அளவைக் கேட்காமல் ஒரு வேளையைக்கூடத் தள்ளக்கூடாது என்று சொல்லிவிடு. வியர்த்து, கை நடுங்கினால் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார். கோயிலில் மயங்கி விழுவது பக்தி ஆகாது.

நோன்பு எங்கே கெடுகிறது தெரியுமா? சாயங்காலம் நாலு மணிக்கு. வயிறு காலி, தலைவலி, யார் எது கேட்டாலும் எரிச்சல். கம்பெனி லைனில் ஒரு பையன் சின்னத் தப்பு செய்வான், அவன்மேல் பாய்வாய். எசாயா 58-ஆம் அதிகாரம் இதைத்தான் கண்டிக்கிறது: நோன்பு இருக்கிற அன்றைக்கே வேலையாட்களை ஒடுக்குகிறீர்கள் என்று. கோபம் வந்துவிட்டதென்றால் அந்த நேரமே ஏதாவது சாப்பிடு, அந்தப் பையனிடம் போய் மன்னிப்புக் கேள். நோன்பை முறித்ததற்காக ஆண்டவர் உன்னிடம் கணக்குக் கேட்கமாட்டார். இன்னொரு கேடு, உன் நோன்பு வீட்டுப் பெண்களுக்கு வேலையாவது. நீ சுத்தபோசனம் இருக்கிறாய் என்பதற்காக மருமகள் தனிக் குழம்பு, தனிப் பொரியல் என்று அடுப்படியில் நிற்கக்கூடாது. எல்லோருக்கும் ஆனதையே சாப்பிடு, இல்லையென்றால் உன் கூழை நீயே கரைத்துக்கொள்.

இப்போது பணம். டீயையும் மத்தியான ஓட்டல் சாப்பாட்டையும் விட்டால் ஒரு நாளைக்கு எவ்வளவு மிஞ்சும்? சாப்பாடு 120 ரூபாய், இரண்டு டீ 30 என்று வை, 150. விபூதிப் புதனும் ஏழு வெள்ளியும் சேர்ந்து எட்டு நாள், 1,200 ரூபாய். அந்த 150-ஐ அன்றன்றைக்கே உண்டியலில் போட்டுவிடு. மாசக் கடைசியில் சேர்த்து எடுத்துவைக்கலாம் என்றால் அது சம்பளத்தோடு கலந்து பெட்ரோலாகப் போய்விடும். ஆதித் திருச்சபையிலேயே நோன்பு நாளில் மிஞ்சிய சாப்பாட்டின் விலையைக் கணக்குப் பார்த்து விதவைக்கும் அநாதைக்கும் கொடுக்கிற பழக்கம் இருந்தது. மொத்தத்தையும் கோயில் பெட்டியில் போடுவது சுலபம், யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. பாதியையாவது உனக்குத் தெரிந்த ஒருவரின் தேவைக்குக் கொடு: மெஸ் பாக்கி, மருந்துச் சீட்டு, பிள்ளையின் பரீட்சைக் கட்டணம். சும்மா வாங்கக் கூச்சப்படுகிறவர் என்றால் கடன் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்காதே. கொடுத்ததை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைக்காதே. தர்மம், செபம், நோன்பு மூன்றையும் மறைவாகச் செய்யச் சொல்கிற மத்தேயு 6-ஆம் அதிகாரத்தைத்தான் விபூதிப் புதன் பூசையில் வாசிக்கிறார்கள். ஒன்று கவனி: பால்காரருக்கும் வாடகைக்கும் பாக்கி வைத்துவிட்டுக் காணிக்கை கொடுப்பது தர்மம் இல்லை. தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதைக் கொர்பான், கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லிக் கழித்துவிட்டவர்களை ஆண்டவர் எப்படிக் கண்டித்தார் என்று மாற்கு 7-இல் பார்.

கம்பெனியில்தான் உனக்குச் சோதனை அதிகம், ஏனென்றால் உன் கையில் வேலை நேரப் பதிவேடு இருக்கிறது. மிகைநேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம். ஒரு காண்ட்ராக்ட் ஆள் 40 நிமிஷம் கூடுதலாக நின்றால் 40 என்றே எழுது. அரை மணி என்று எழுதுவதால் உனக்கு மேலே இருப்பவரிடம் நல்ல பெயர் கிடைக்கும், அந்தப் பெயரைத்தான் நீ வெறுக்க வேண்டும். நம் ஊரில் மாசி பங்குனியில் புளி தட்ட வருகிற பெண்கள் அன்றைய கூலியை அன்றைக்கே வாங்கிக்கொண்டு போகும்போதுதான் அரிசியும் எண்ணெயும் வாங்குவார்கள். பொழுது சாய்வதற்குள் கூலியைக் கொடு என்று இணைச்சட்டம் 24:15 சொல்வது இதனால்தான். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது ஆண்டவர் காதில் விழுந்துவிட்டது என்கிறார் யாக்கோபு தம் திருமுகத்தில். மீட்டிங்கில் ஒரு யோசனைக்குப் பாராட்டு வரும்போது, சொன்னது யாரோ அவன் பெயரைச் சொல். தவறு உன்னுடையது என்றால் மெயிலின் முதல் வரியிலேயே அதை எழுது, காரணத்தைப் பிறகு எழுதலாம். தீபாவளிக்கும் சத் பூஜைக்கும் ஊருக்குப் போக ஏங்குகிற வடநாட்டுப் பையன்களின் ஷிஃப்டை நீ கேட்டு வாங்கிக்கொள். கிறிஸ்மஸுக்கு அவர்கள் உன் ஷிஃப்டை எடுக்க வேண்டும் என்று பேரம் பேசாதே.

வீட்டில் இதைவிடக் கஷ்டம். அங்கே பார்க்க ஆளில்லை. இரவு இரண்டு மணிக்குக் குழந்தை அழும்போது தூங்குவதுபோல் படுத்திருக்கிற அந்த அரை நிமிஷத்தில்தான் சிலுவையை எடுக்கிறாயா கீழே வைக்கிறாயா என்பது தீர்மானமாகிறது. எழுந்து ஈரத்துணியை மாற்றிவிட்டுப் பசிக்குத் தாயிடம் கொடு, காலையில் அதைச் சொல்லிக் காட்டாதே. வாக்குவாதத்தில் உன் பக்கம் நியாயம் இருக்கும்போது கடைசி வார்த்தையை அவளுக்கு விட்டுக்கொடு. ஆனால் விட்டுக்கொடுத்துவிட்டு மூன்று நாள் முகத்தைத் தூக்கிவைத்திருந்தால் அது பொறுமை இல்லை, பேசாமல் அடிக்கிற அடி.

இதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடி வாங்குகிற பெண்ணிடம், ஏமாற்றப்பட்ட வேலையாளிடம், சாதி பெயரால் அவமானப்பட்டவரிடம் போய் "உன் சிலுவை, சுமந்துகொள்" என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. சுமக்க முடியாத சுமையைக் கட்டி மற்றவர் தோளில் வைத்துவிட்டுத் தாங்கள் விரலால்கூடத் தொடாதவர்களை மத்தேயு 23:4-இல் ஆண்டவர் சாடுகிறார். அவரவர் தன் சிலுவையைத்தான் எடுக்க வேண்டும். அடுத்தவருடையது கண்ணில் பட்டால் அதை இறக்கிவைக்க உதவுவதே உன் வேலை.

நிலத்தைப் பற்றியும் இங்கேயே எழுதுகிறேன், ஏனென்றால் உன் துறவை ஊர் சோதிக்கப்போவது அதில்தான். கிறிஸ்தவர்களாகிய நமக்கு 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சரிசமம். மகன், மகள் என்ற வித்தியாசமே அதில் இல்லை. நம் மாந்தோப்பு மூன்று ஏக்கர் என்றால் அம்மாவுக்கு ஒன்று, உனக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று. அக்காவுக்குக் கல்யாணத்திலேயே நகை போட்டாயிற்று, சார்பதிவாளர் ஆபீசில், தன் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடு என்று சொந்தக்காரர்கள் நாலு பேர் உனக்குப் புத்தி சொல்வார்கள். அவளும் தம்பி உறவு போய்விடுமே என்று பயந்து சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவாள். அந்தப் பயத்தைப் பயன்படுத்தாதே. அவள் பங்கை அளந்து, கல் நட்டு, அவள் பெயரில் பட்டா மாற்றிக் கொடு. அவளாகக் கொடுக்க விரும்பினால் சந்தை விலைக்கு வாங்கு. கிணற்றுத் தண்ணீர் முறையையும் வண்டிப் பாதையையும் பத்திரத்திலேயே எழுது, சண்டை பெரும்பாலும் அதில்தான் வரும். நாற்பது வெள்ளிக்கிழமை கறியை விடுவதைவிட இந்த ஒரு ஏக்கரை விடுவது கனமானது. எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

சாதியும் அப்படியே. ஞானஸ்நானம் வாங்கி எத்தனையோ தலைமுறை ஆகியும் தேர் யார் தூக்குவது, யார் வீட்டில் யார் கை நனைப்பது என்பது நம் சபையை விட்டுப் போகவில்லை. புனித தேவசகாயத்தைப் பார். குருவானவர் அல்ல, மனைவியோடு வாழ்ந்தவர், திருவிதாங்கூர் அரசு உத்தியோகஸ்தர். 1745-இல் ஞானஸ்நானம் பெற்ற பிறகு எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகினார். உத்தியோகமும் மரியாதையும் போயின, 1752-இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது சாதிப் பட்டத்தைச் சேர்க்காமல்தான் பெயரைச் சொன்னார்கள். உன்னிடம் உயிரை யாரும் கேட்கவில்லை. உன் ஷிஃப்டில் இருப்பவர்களில் நம் சொந்தக்காரர்கள் சாப்பிடமாட்டோம் என்கிற வீடு எதுவோ, அந்த வீட்டு விசேஷத்துக்குக் குடும்பத்தோடு போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வா. ஊரில் கேட்டால் மறைக்காதே.

இவ்வளவையும் ஒரே நேரத்தில் பிடிக்காதே. முதல் வாரம் மூன்று தீர்மானம் எடுத்துக்கொண்டு மூன்றாம் வாரம் மூன்றையும் விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. உண்டியலை மட்டும் விபூதிப் புதனில் ஆரம்பி, அதோடு வீட்டிலோ கம்பெனியிலோ ஒரு காரியம். ஒருநாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்யாதே, அது உன்னை நீயே தண்டிப்பதாகிவிடும். வழக்கம்போல் மறுபடி தொடங்கு. இரவு படுக்குமுன் ஐந்து நிமிஷம் ஆத்தும சோதனை செய். போனை அடுத்த அறையில் வைத்துவிடு. நன்றி சொல்ல ஒன்றைத் தேடு, பிறகு இன்றைக்கு என் இஷ்டத்துக்காக யார் கஷ்டப்பட்டார்கள் என்று கேள். ஒரு பெயர் வரும். நாளைக்கு அவருக்கு என்ன செய்வது என்று முடிவு செய்துவிட்டுத் தூங்கு. குருவானவரிடம் பாவத்தை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன் யாருக்காவது பணமோ பொருளோ திருப்ப வேண்டியிருந்தால் திருப்பிவிடு, உடனே முடியாவிட்டால் தவணையாவது ஆரம்பி. எடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க முடியாது. லூக்கா நற்செய்தியில் வரி வசூலித்த சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் தருகிறேன் என்றான்.

புனித வாரத்துக்கு இங்கே வருவதைப் பற்றி மருமகளிடம் நீயே கேள், நாங்கள் எதிர்பார்க்கிறோம் என்று சொல்லாமல் கேள். அவளுக்கு இந்த வருஷம் அவள் அம்மா வீட்டுப் பங்குக் கோயிலிலேயே பெரிய வெள்ளி சிலுவைப் பாதைக்குப் போக வேண்டும் என்றிருந்தால் அங்கே போங்கள், உன் அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். பாஸ்கா முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் போதும். அக்காவையும் அன்றைக்கு வரச் சொல்கிறேன், தோப்புக் காகிதங்களை எடுத்துவைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா