நீ கேட்ட சாம்பிள் பாலியஸ்டர் நூலைப் பற்றி

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப நிம்மதி, சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போடச் சொல். இங்கே எல்லோரும் சுகம். பையன் பன்னிரண்டாம் வகுப்பு, அதனால் வீட்டில் டிவி அணைந்தே கிடக்கிறது.

பையர் அனுப்பிய நூலில் 'சொரோனா, 37 சதவீதம் தாவர மூலம்' என்று போட்டிருக்கிறதே, பாலியஸ்டரில் ஏதுடா தாவரம், சும்மா விளம்பரமா என்று கேட்டிருந்தாய். உண்மைதான் அது. என் துறை என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நீ வழக்கமாக வாங்குவது பெட் என்ற சாதாரண பாலியஸ்டர், இந்த சொரோனா பிடிடி என்ற வேறு வகை பாலியஸ்டர். டெரிஃப்தாலிக் அமிலம் இரண்டுக்கும் பொது, அது பெட்ரோலியத்திலிருந்து வருவது. அதோடு சேர்கிற ஆல்கஹால்தான் வேறு: பெட்டில் எத்திலீன் கிளைக்கால், இதில் 1,3-புரொப்பேன்டையால், சுருக்கமாகப் பிடிஓ. 1941லேயே பிடிடி செய்துவிட்டார்கள், ஆனால் பிடிஓ விலை கட்டுப்படியாகாமல் பல பத்தாண்டுகள் கிடப்பிலேயே இருந்தது. அப்புறம் டூபாண்ட், ஜெனன்கோர் என்ற இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ஈ.கோலை பாக்டீரியாவை வைத்துச் சோள குளுக்கோஸிலிருந்து அதை எடுத்தார்கள். 2006இல் அமெரிக்காவின் டென்னசியில், லவுடன் என்ற ஊரில், தொழிற்சாலை ஓட ஆரம்பித்தது.

ஈஸ்ட் சர்க்கரையைக் கிளிசரால் ஆக்கும், கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா கிளிசராலைப் பிடிஓ ஆக்கும். இந்த இரண்டு வேலைக்குமான என்சைம்களை ஒரே செல்லுக்குள் கொண்டுவந்ததுதான் அடிப்படை. கேட்க எளிது. ஆனால் கிளிசராலைப் பிடிக்கிற என்சைமுக்கு பி12 வைட்டமின் வேண்டும், அதோடு வேலை செய்யச் செய்ய அந்த பி12 உடைந்து என்சைமுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும், என்சைம் செயலிழந்துவிடும். உடைந்ததைக் கழற்றி எடுப்பதற்கென்றே கிளெப்சியெல்லாவிடம் தனியாக ஒரு புரதம் இருக்கிறது, அதையும் சேர்த்தே கொண்டுவர வேண்டியிருந்தது. ஈ.கோலையால் பி12 வைட்டமினை முதலிலிருந்து செய்ய முடியாது என்பதால் அதைத் தொட்டியில் வெளியிலிருந்து போடுகிறார்கள்.

எனக்கு மிகப் பிடித்தது, இடையில் வருகிற பொருளைப் பிடிஓ ஆக்குகிற கடைசிப் படிதான். அதற்கும் கிளெப்சியெல்லாவின் என்சைமைத்தான் வைத்திருந்தார்கள், ஆனால் அது இல்லாத செல்லில் பிடிஓ இன்னும் அதிகமாக வந்தது! தேடிப் பார்த்தால் ஈ.கோலையிடமே ஒய்க்யூஎச்டி என்ற என்சைம் சத்தமில்லாமல் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. வெளியூரிலிருந்து ஆள் கூட்டிவந்த பிறகு, வீட்டிலேயே கைதேர்ந்தவன் இருக்கிறான் என்று தெரிந்த மாதிரி. கணக்குப் போட்டு வடிவமைத்தால் மட்டும் இது கிடைத்திருக்காது, ஒப்பிட்டுப் பார்க்க வைத்த செல்லையும் ஒழுங்காக அளந்ததால் கிடைத்தது. புதிதாக வருகிற பிள்ளைகளிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சர்க்கரை உள்ளே வரும் வழியையும் மாற்றினார்கள், ஏனென்றால் ஈ.கோலையின் சொந்த வழியில் ஒவ்வொரு குளுக்கோஸுக்கும் ஒரு பங்கு கார்பன் வேறு பக்கம் போய்விடும். இப்படி ஒவ்வொன்றாகச் சரிசெய்து லிட்டருக்கு 135 கிராம் பிடிஓ வரை கொண்டுபோனார்கள். அந்த எண்தான் உயிர்நாடி. பிடிஓ 200 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், அதற்கு முன் தொட்டியில் இருக்கிற தண்ணீர் முழுவதையும் ஆவியாக்கியாக வேண்டும். கிராம் குறைந்தால் எரிபொருள் செலவே ஆளை முழுங்கிவிடும்.

என் கவலை சோளம்தான். தின்கிற பொருளில் நூல் செய்வது எனக்கு உறுத்துகிறது. பயோடீசல் ஆலைகளில் எடையில் பத்தில் ஒரு பங்கு கிளிசரால் மிஞ்சுகிறது, கரும்புச் சக்கை இருக்கிறது, அவற்றிலிருந்து பிடிஓ செய்கிற என்சைம்களில்தான் இனி உழைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நாங்களும் அந்தப் பக்கம்தான் நகர்ந்துகொண்டிருக்கிறோம்.

சரி, உன் தொழிலுக்கு ஒரு விஷயம். சாயம் ஏற்றப் பெட்டுக்கு 130 டிகிரி, பிரஷர் எல்லாம் வேண்டும் இல்லையா, பிடிடி 100 டிகிரியிலேயே பாலியஸ்டருக்குப் போடுகிற டிஸ்பர்ஸ் சாயத்தை நன்றாக வாங்கும். சாஃப்ட் ஃப்ளோ சாய மெஷினில் ஒரு சின்ன லாட் போட்டுப் பார். ஷேட் எப்படி வந்தது, துவைத்தால் சாயம் போகாமல் வாஷிங் ஃபாஸ்ட்னஸ் எவ்வளவு நின்றது, இரண்டையும் எழுது.

அன்புடன்,
செல்வம்